முன் வலது மூலை

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய நான்கு படங்களையும் உன் அம்மாவின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் வண்டியின் முன் வலது மூலை சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மற்ற மூன்றும் ஏறத்தாழ நிற்கின்றன. போனில் பேசினால் நீ மூன்று நிமிடத்தில் வேலை இருக்கிறதென்று வைத்துவிடுகிறாய், நானும் சொல்ல வந்ததில் பாதியை மறந்துவிடுகிறேன். அதனால்தான் தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு வைக்காமல் அதன் அடியில் தலையை நுழைக்காதே, கையையும் நுழைக்காதே. சாதாரண ஸ்பிரிங் வண்டி ஒரு வகையில் நம்பத்தக்கது, அதில் இரும்பு தாங்குகிறது. இதில் ஏறக்குறைய 2 டன் எடையைத் தாங்குவது, பலூன் என்று நாம் சொல்லும் ரப்பர் உறைக்குள் அடைபட்ட காற்று. சாவியை எடுத்துவிட்டோம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கும்போதே, யாராவது கதவைத் திறந்தால் கணினி விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். வால்வு திறந்தால் வண்டி இறங்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை வைத்து இடைவெளி பார்க்கும் பழக்கம் உனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அதை இந்த வண்டியில் செய்யாதே.

வாங்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 2004ஆம் ஆண்டு மெர்சிடிஸ் எஸ் 430 ஃபோர்மேட்டிக், நான்கு சக்கரமும் ஓடும் வண்டி, என்று நீ சொன்னபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. 1998இல் இந்த டபிள்யூ 220 வரிசை எஸ் கிளாஸோடுதான் ஏர்மேட்டிக் என்ற இந்தக் காற்றுத் தாங்கி அமைப்பு வந்தது. அதன் பலமும் பலவீனமும் எனக்கு உள்ளங்கை ரேகைபோலத் தெரியும். ஓட்டுவதற்கு அதைப்போல் மென்மையான வண்டி குறைவு. ஆனால் இருபது வயதான ரப்பரை அந்தக் கனடா எட்மண்டன் குளிரில் நிறுத்தி வைத்தால் அது மரத்துப்போய், மடிப்பு விழும் இடத்தில் நூல் நூலாக வெடிக்கும். நம் பட்டறைக்கு எத்தனை வகை வண்டிகள் வந்து போயின. அவற்றுள் இதையே நீ ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

முதலில் அளவு எடு. மாலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை டேப் பிடித்து எழுதிக்கொள். தரையிலிருந்து அளக்காதே; பனிக்கட்டியும் டயரில் இருக்கும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும். அளந்த பிறகு ஏர்மேட்டிக் கணினியின் பியூஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. இது முக்கியம். ஒரு மூலை இறங்கினால் அதற்கு ஈடாக மற்ற மூலைகளையும் இறக்கி மட்டம் செய்யக் கணினி முயலும், காலையில் பார்க்கிறவருக்கு எது ஒழுகியது என்று தெரியாமல் போய்விடும். பியூஸ் இல்லாமல் ஒரு இரவு நின்றால் உண்மை வெளியே வந்துவிடும். ஒரே ஒரு மூலை இறங்கியிருந்தால் பலூனைச் சுமக்கும் ஸ்ட்ரட் என்ற அந்த மூலையின் தூண், அல்லது அதற்குப் போகும் குழாய், அல்லது நான்கு மூலைக்கும் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்கில் அதற்குரிய வால்வு. பல மூலைகள் சேர்ந்து இறங்கினால் வால்வு பிளாக்கின் மேல் சந்தேகப்படு. எதுவும் இறங்காமல் நின்று, ஓட்டும்போது மட்டும் ஏற மறுத்தால் காற்றை அடைத்துக் கொடுக்கும் கம்பிரசரைப் பார்.

அளக்கும் முன் வண்டியில் இருக்கும் சாமான்களை இறக்கிவிடு. மூன்றாவது படத்தில் பின் இருக்கை தெரிகிறது. உன் அம்மா கொடுத்தனுப்பிய குத்துவிளக்குப் பெட்டி அதில் இருக்கிறது, அதன் மேல் அந்த நீல நிறப் போர்வையும் இருக்கிறது. எடையோடு அளந்தால் பின்பக்க அளவு தவறாக வரும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். இறக்கி வைக்க இடம் இல்லையென்றால் அதையும் எழுது.

அளவுக்குப் பிறகு சோப்பு நுரை. பியூஸைத் திரும்ப மாட்டி, வண்டியை உயரம் கூட்டும் பொத்தானை அழுத்தி முழுதாக ஏற்றிவிட்டுப் பார், தாழ்ந்து நிற்கும்போது பலூனின் மடிப்பு உள்ளே மறைந்திருக்கும், ஒழுக்கும் அந்த மடிப்பிலேதான் இருக்கும். ஸ்ட்ரட்டின் மேல் முனையில் குழாய் நுழையும் இடத்திலும் தெளித்துப் பார். பஞ்சர் கடைத் தொட்டியில் எழுவதுபோல் பெரிய குமிழி வராது. வெள்ளையாக, மாவு பொங்குவதுபோல் மெதுவாக வரும். நீ பொறுமையாக நின்று பார்ப்பவள், உனக்குத் தெரிந்துவிடும். ஆனால் உன் ஊரில் இப்போது வெட்ட வெளியில் தெளித்தால் தண்ணீர் ரப்பரைத் தொடும் முன் உறைந்துவிடும், ஆகவே சூடான கராஜ் வேண்டும். அந்த வீட்டை வாங்கியபோது கராஜில் சூடாக்கி இருக்கிறது என்று மாப்பிள்ளை பெருமையாகக் காட்டினார். படங்களில் வண்டி திறந்த வெளியில், வரிசையாக மற்ற வண்டிகளோடு, பனியில் நிற்கிறது. வேறு ஏதாவது இடத்தில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்குமானால் எடுத்துக்கொள். பணம் நான் அனுப்புகிறேன். உன் பெயரில் போட்ட டெபாசிட் மார்ச்சில் முதிர்கிறது. அதை உன் அம்மா எதற்கென்று வைத்திருந்தாலும் அது உன்னுடையதுதான்.

பலூன்தான் என்று உறுதியானால் முன்பக்கம் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடு. ஒன்றுக்கு வயதானால் மற்றதற்கும் அதே வயதுதான். ஃபோர்மேட்டிக் வண்டிக்கு முன் ஸ்ட்ரட் வேறு, பின்சக்கரம் மட்டும் ஓடும் வண்டிக்கு வேறு. வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். காற்றையே எடுத்துவிட்டு ஸ்பிரிங் போட்டுக்கொள் என்று சிலர் சொல்வார்கள். செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் எச்சரிக்கை விளக்கை ஏமாற்றத் தனியாக ஒரு கருவி வைக்க வேண்டியிருக்கும், அந்த வண்டியின் நடையும் போய்விடும். எனக்கு அதில் சம்மதமில்லை.

கழற்றும்போது: ஸ்டாண்டு, பிறகு அந்த மூலையின் காற்றை முழுதாக இறக்குதல், பிறகு பியூஸைக் கழற்றுதல். அழுத்தம் இருக்கும்போது குழாய் நட்டைத் தளர்த்தாதே. பானட்டுக்குள் மேலே இருக்கும் மூன்று நட்டுகளையும் கடைசியாகத்தான் கழற்ற வேண்டும். ஸ்ட்ரட்டுக்குள் குலுக்கலை அடக்கும் டேம்பருக்குப் போகும் மின் இணைப்பை மறந்துவிட்டு ஸ்ட்ரட்டை இழுத்துவிடாதே, அந்த ஒயர் அறுந்தால் இன்னொரு நாள் வேலை. கீழ் போல்ட்டைக் கையால் மட்டும் பிடிக்கவிட்டு, வண்டி தன் உயரத்தில் நிற்கும்போது இறுக்கு. இல்லாவிட்டால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். எல்லாவற்றையும்விட, காற்றில்லாத புது பலூனின் மேல் வண்டியின் எடையை இறக்காதே. பியூஸைத் திரும்ப மாட்டி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே எஞ்சினை ஓடவிட்டுக் காற்று ஏறட்டும். வெறும் பலூனின் மேல் எடை விழுந்தால் மடிப்பு தவறாக விழுந்து, புதுப் பொருள் முதல் நாளே கிழிந்துவிடும்.

ஒழுக்கை நிறுத்திய பிறகு கம்பிரசரையும் சோதித்துப் பார். அது கொஞ்ச நேரம் ஓடி நிற்பதற்காகச் செய்யப்பட்டது. ஒழுகும் பலூனுக்கு ஓயாமல் காற்று கொடுத்துக்கொண்டே இருந்தால் உள்ளே பிஸ்டன் வளையம் தேய்ந்துபோகும், சூடேறிப் பாதுகாப்பு விசை நிறுத்திவிடும், ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரம்பித் தண்ணீர் குழாய்களுக்குள் போய் உன் ஊர்க் குளிரில் உறைந்துவிடும். கம்பிரசரை மாற்றினால், அதற்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேயையும் சேர்த்து மாற்று. ரிலேயையும் சேர்த்து மாற்று, அம்மிணி. விலை சின்னது என்று பழையதையே திரும்ப மாட்டாதே.

இதை இரண்டு முறை எழுதியதும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். 2009இல் அந்தக் கருப்பு எஸ் 320 நம் பட்டறைக்கு வந்தபோது நீ பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு விடுமுறையில் இருந்தாய். கம்பிரசர் எரிந்துபோய் வந்தது. மூன்று நாட்களில் புது கம்பிரசர் வரவழைத்து மாட்டினேன். நீ சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், முன் இடது பலூனின் மடிப்பில் நுரை வருகிறது என்றாய், காதை வைத்துக் கேட்டு இரண்டாம் முறையும் வந்து சொன்னாய். வண்டிக்காரருக்கு அவசரம், எனக்கும் அவசரம். அது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். ரிலேயும் பழையதுதான், நானே என் கையால் திரும்ப மாட்டினேன். மூன்று வாரம் கழித்து ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு, கம்பிரசர் இரவு முழுவதும் ஓடி எரிந்து, பேட்டரியும் செத்து, வண்டி லாரியில் ஏறித் திரும்பி வந்தது.

அன்று வண்டிக்காரர் பத்துப் பேர் முன்னால் கேட்டபோது, பிள்ளை தெரியாமல் பழைய ரிலேயை மாட்டிவிட்டது என்று நான் சொன்னேன். நீ அந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாய். மறுத்துப் பேசவில்லை. பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாய், அதற்குப் பிறகு பட்டறைக்குள் வரவேயில்லை. மெக்கானிக்கல் வேண்டாம் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று நீ சொன்னபோது, பெண் பிள்ளைக்கு அதுதான் நல்லது என்று நம் சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். உன் அம்மாவிடம் உனக்கு ஆர்வம் போய்விட்டது என்று சொன்னேன். அவளுக்கு இன்று காலைவரை நடந்தது தெரியாது. இந்தக் கடிதத்தை எழுத உட்காரும் முன்தான் சொன்னேன். அவள் இன்னும் என்னிடம் பேசவில்லை.

நீ சொன்னது சரி. நான் சொன்னது பொய். அன்றிலிருந்துதான் நீ எதுவும் முடிந்த பிறகே எங்களிடம் சொல்கிறாய் என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். வேலை மாறியதை மாறிய பிறகு சொன்னாய், வண்டி வாங்கியதை வாங்கிய பிறகு சொன்னாய். சொன்னால் அப்பா யார் பக்கம் நிற்பார் என்று உனக்கு நிச்சயமில்லை. அந்தச் சந்தேகத்தை உனக்குக் கொடுத்தவன் நான்தான். இப்போது யார் என்ன கேட்டாலும், நம் சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நின்று கேட்டாலும், உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

இந்த வேலையைத் தனியாகச் செய்யாதே. ஸ்ட்ரட்டைத் தாங்க ஒரு கை, விளக்குப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஆயுத பூஜைக்குப் பிறகு மாப்பிள்ளை போனில் வரவில்லை; தூங்குகிறார் என்று நீ சொன்னாய், நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. விளக்குப் பிடிக்க அங்கே ஆள் இல்லையென்றால் போனை டயரின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து என்னைக் கூப்பிடு. உனக்கு இரவு பத்து மணி என்றால் எனக்குக் காலை பத்தரை. உனக்குப் பகல் என்றால் எனக்கு நள்ளிரவு, அப்போதும் எடுப்பேன். நீ வேலை செய், நான் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாலை அளவு நான்கு, காலை அளவு நான்கு, எட்டு எண்களையும் எழுதி அனுப்பு. சாமான்களை இறக்கிய பிறகு எடுத்த அளவா, இறக்காமல் எடுத்ததா என்பதையும் பக்கத்தில் குறித்து அனுப்பு. ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போகாதே.

அப்பா