மேடைக்குப் பின்னால் நிற்பவருக்கும் சம்பளம் போடுங்கள்

சென்னை சபாக்களின் தலைவர்கள், செயலாளர்கள், குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நாட்டிய, நாடக நிகழ்ச்சிகளுக்கு மேடை நிர்வாகம் பார்ப்பவன் நான். டிசம்பர் சீசன் புத்தகத்தில் பாடகர், பக்கவாத்தியம், ஸ்பான்சர், கேன்டீன்காரர் வரை எல்லார் பெயரும் வருகிறது. நிகழ்ச்சியை நடத்திக் கொடுப்பவர் பெயர் மட்டும் வருவதில்லை. பெயர் போகட்டும், எனக்குக் கேட்க வேண்டியது சம்பளத்தைப் பற்றி: சபாவில் முழுநேரத் தயாரிப்பாளர் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வையுங்கள்.

சபாக்களை வளர்த்தவர்கள் சம்பளம் வாங்காத கௌரவச் செயலாளர்கள்தான். ஈ. கிருஷ்ணய்யரையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லிடைக்குறிச்சிக்காரர், வக்கீல். 1927 சென்னை காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி உருவானபோது அதன் செயலாளர்களில் ஒருவர். சதிர் (இன்றைய பரதநாட்டியத்தின் பழைய பெயர்) என்றாலே ஊர் முகம் சுளித்த காலத்தில், மெலட்டூர் நடேசய்யரிடம் ஆடக் கற்று, பெண் வேடம் கட்டித் தானே மேடையேறினார். 1931இல் சதிர் ஆடும் குடும்பத்தைச் சேர்ந்த கல்யாணியின் மகள்களை அகாடமி சார்பில் ஆடவைத்தார். கூட்டம் பெரிதாக வரவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. 1933இல் பாலசரஸ்வதி ஆடினார். பந்தநல்லூர் சகோதரிகளின் ஆட்டத்தை ருக்மிணி தேவி பார்த்ததும் அகாடமி நிகழ்ச்சியில்தான். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ரா வந்துவிட்டது. (தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த குடும்பத்துப் பெண்களுக்கு இதில் என்ன மிஞ்சியது என்பதையும் சேர்த்துப் பேசாமல் இந்தப் பெருமையைப் பேசுவது நியாயமில்லை.)

யாரை எப்போது மேடையேற்றுவது, யாரை வந்து பார்க்கச் சொல்வது, கூட்டம் வராவிட்டால் அடுத்து என்ன செய்வது? அந்தப் பெயர் அன்று இல்லாவிட்டாலும் கிருஷ்ணய்யர் பார்த்தது தயாரிப்பாளர் வேலை. பிற்பாடு கிருஷ்ண கான சபாவில் ஆர். யக்ஞராமன் 1981இல் நாட்டிய கலா மாநாட்டைத் தொடங்கியதும் அதே வகை வேலைதான். வயிற்றுப்பாட்டுக்கு வேறு உத்தியோகம் இருந்தவர்கள் மாலை நேரத்தைச் சபாவுக்குக் கொடுத்தார்கள்.

இன்று அது மாலையோடு முடிகிற வேலையில்லை. டிக்கெட் 500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி. நேரலை என்றால் யாருக்கு எவ்வளவு உரிமை என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். தரை சிமெண்டா மரமா என்று நாட்டியக்காரர் முதல் போனிலேயே கேட்பார்; முழங்கால் அவருடையது. நாலு மணிக் கச்சேரி கால் மணி நேரம் இழுத்தால் ஆறு மணி நாட்டியத்துக்கு லைட் திருப்ப நேரமிருக்காது. ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்று சொல்லத்தான் ஆள் இருக்கிறது. பாடுகிறவரிடம் போய், கச்சேரிக் கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகளான துக்கடாவைக் குறைக்கச் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் அந்த அதிகாரம் யாருக்கும் தரப்படவில்லை.

இத்தனையும் இப்போது தினப் பேட்டாவில் வரும் இளைஞர்கள் தலையில் விழுகிறது. ஜனவரி பிறந்ததும் கணக்கை முடித்து அனுப்பிவிடுகிறோம். அப்படி வேலை பழகிய ஒரு பெண்ணை அடுத்த டிசம்பரில் கூப்பிட்டால், அவள் கல்யாண ஈவென்ட் கம்பெனியில் இருக்கிறாள். நம்மைவிட நன்றாகக் கொடுக்கிறார்கள், மாதாமாதம் கொடுக்கிறார்கள். எந்த ஹாலில் எந்த மைக் இரையும், எந்த மிருதங்கக்காரருக்கு மானிட்டர் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் வேண்டும் என்று அவள் கற்றதெல்லாம் அவளோடு போய்விடுகிறது. புதிதாக வருபவர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

பணமில்லை என்பீர்கள். சிறிய சபாக்களுக்கு உண்மையிலேயே இல்லை. பல இடங்களில் ஆடுபவரே வாத்தியக் குழுவுக்குக் கைக்காசு கொடுக்கும் நிலையும் தெரியும். அப்படியானால் மூன்று சபாக்கள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சீசன் தவிர மற்ற பதினொரு மாதமும் அவர் சும்மா இருக்கப்போவதில்லை: ஸ்பான்சர் தேடுவது, பழைய பதிவுகளை ஒழுங்குபடுத்துவது, புதிய நாடகக் குழுக்களைப் போய்ப் பார்த்து வருவது, கணக்கைச் சரியாக எழுதுவது. தன் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது அவரே கொண்டுவந்துவிடுவார். நிகழ்ச்சித் தேர்வுக்கு நீங்கள் உட்காரும் கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும், அது இல்லாமல் வெறும் ஆபீஸ் மேனேஜரை வைப்பதில் பயனில்லை.

இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் இதைப் பொருளாக வையுங்கள். ஆள் தேவை விளம்பரத்தை மே மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். நவம்பரில் ஆள் தேடினால் மறுபடியும் பேட்டா ஆள்தான் கிடைப்பார்.

இப்படிக்கு,
ஒரு மேடை நிர்வாகி