'முட்டை தீர்ந்துவிட்டது' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோவது பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹார்மோன்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் 'முட்டை தீர்ந்துவிட்டது' என்று ஒரே வரியில் முடித்ததுதான் உறுத்துகிறது. இதே வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்த என் தங்கை இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாள்.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். கறிக்கடையிலிருந்து ஆட்டின் சினைப்பையை வாங்கி வந்து மாணவிகளை அறுக்கச் சொல்வேன். மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். பிளேடு முதலில் வெள்ளைத் தோலில் வழுக்கும், கொஞ்சம் அழுத்தினால்தான் இறங்கும், உள்ளே போனதும் சட்டென்று மெத்தென்று ஆகிவிடும். அந்த வெளிப்புற இறுக்கத்துக்குள்தான் வளராத ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டையைச் சுமக்கும் சிறு கூடுகள், உறங்குகின்றன. அந்த இறுக்கமே அவற்றை உறங்க வைக்கிறது என்று ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தார் 2019இல் எலிகளில் காட்டினார்கள்: சுற்றியிருந்த நார்ப்பொருளை நொதியால் கரைத்தபோது முட்டைகள் விழித்துக்கொண்டன, வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தபோது மறுபடி உறக்கத்திலேயே இருந்தன.

உறங்க இறுக்கம் வேண்டும், வளர இடம் வேண்டும். கெட்டியான ஜெல்லில் வைத்து வளர்த்த எலி ஃபாலிக்கிள்கள் தளர்வான ஜெல்லில் வளர்வதைப்போல் பெருப்பதில்லை. நீர்க்கட்டி உள்ள பெண்களுக்குச் சினைப்பையின் மேலுறை தடித்திருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சிகாகோவில் ஸ்டீன், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் 1935இலேயே அப்படிப்பட்ட 7 பெண்களின் சினைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். மாதவிடாய் திரும்பியது, 2 பேர் கருவுற்றார்கள். வெட்டினால் ஏன் சரியாகிறது என்பது வெகுகாலம் புரியாமலே இருந்தது.

2013இல் கவாமுரா, ஷூவே என்ற ஆராய்ச்சியாளர்களின் குழுவினர் ஒரு விடை சொன்னார்கள். செல்லுக்குள் 'ஹிப்போ' என்றொரு சமிக்ஞை வழி வளர்ச்சிக்கு பிரேக் போட்டு வைத்திருக்கிறது. திசுவைத் துண்டுபோட்டால் செல்லின் உள்சட்டம் மாறி அந்த பிரேக் தளர்கிறது, ஃபாலிக்கிள் வளரத் தொடங்குகிறது. மாதவிடாய் முன்கூட்டியே நின்ற 27 பெண்களின் சினைப்பையை வெளியே எடுத்து, துண்டாக்கி, மருந்தில் வைத்து, திரும்பப் பொருத்திப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பலிக்கவில்லை. அதிலே பாதிப் பேருக்குமேல் மிச்ச ஃபாலிக்கிளே காணவில்லை. ஆனாலும் அந்த அறிக்கை வந்தபோது ஒரு குழந்தை பிறந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷனுக்கு ஓடவேண்டும் என்று சொல்லவில்லை. இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது, வெட்டும்போது இருக்கிற முட்டைகளும் கொஞ்சம் போய்விடும், குழந்தைக்கு உத்தரவாதம் என்று யாராவது பணம் கேட்டால் நம்பவே கூடாது. ஆனால் தீர்ந்துபோவது வேறு, விழிக்காமல் கிடப்பது வேறு. இந்த வித்தியாசத்தை, விவரம் தெரிந்த ஒரு மகப்பேறு மருத்துவரைக் கொண்டு அதே பக்கத்தில் எழுத வையுங்கள். முடிந்தால் அடுத்த வாரமே. என் தங்கை அந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியை, மதுரை