முன்பாரம் பார்த்து அச்சு வையுங்கள்: டிரெய்லர் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு நாட்டில் டிராக்டர் டிரெய்லர் கட்டித் தரும் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

நான் கோபிசெட்டிபாளையம் (கோபி) பக்கத்தில் மஞ்சளும் கரும்பும் வைக்கிற விவசாயி. உங்களில் ஒருவரிடம் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று கட்டி வாங்கினேன். தொட்டி 12 அடி நீளம். வெல்டிங் சுத்தம், பெயிண்ட் சுத்தம். பார்த்தவர்கள் எல்லாம் என்ன விலை என்று கேட்டார்கள். அந்த வண்டிதான் போன மாசியில் கீழ்பவானி வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் என்னையும் என் ஆட்கள் மூன்று பேரையும் கவிழ்க்கப் பார்த்தது. பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். சக்கர அச்சைத் தொட்டியின் நட்டநடுவில் வைப்பது அவர் ஒருவர் மட்டும் செய்கிற தப்பாக இருந்தால் நேரில் போய்ப் பேசியிருப்பேன்.

அன்றைக்கு ஈரோட்டுக்கு 54 மூட்டை மஞ்சள் ஏற்றினோம். மூட்டைக்கு 65 கிலோ. முன்னால் ஆட்கள் உட்கார இடம் விட்டு, பின்பக்கம் ஒரு வரிசை உயர்த்தி அடுக்கியிருந்தார்கள். பாலம் ஏறும்போதே கொக்கியில் மாட்டிய இரும்பு முளை டக் டக்கென்று மேலும் கீழும் அடித்தது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். டிராக்டரின் பின்சக்கரம் பிடிக்காமல் வழுக்கியது. டிரெய்லரின் வால் இடமும் வலமுமாகப் பாம்பு மாதிரி ஆடியது. ஓரத்து மண்மேட்டில் ஏறித்தான் வண்டி நின்றது. கீழே இறங்கிப் பார்த்தபோது ஒரு ஆள் பேச்சே வராமல் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பாரம் ஜாஸ்தி என்றார்கள் ஊரில். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு மூட்டையும் இறக்காமல் மறுநாள் மெதுவாக எடை மேடைக்குக் கொண்டுபோனேன். டிராக்டர் தனியாக 2,160 கிலோ. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து 6,780. அப்படியானால் டிரெய்லர் 4,620. ஆர்.சி.யில் இருக்கிற எடைக்கு உள்ளேதான். சந்தேகம் தீராமல், டிரெய்லரை மாட்டியபடியே டிராக்டரின் நாலு சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்தச் சொன்னேன். 2,070 காட்டியது. மேடைக்காரர் மெஷினில்தான் கோளாறு என்று ஜீரோ செய்து மறுபடியும் போட்டார். அதே 2,070. அப்புறம் டிரெய்லர் சக்கரத்தை மட்டும் ஏற்றினோம். 4,710. டிரெய்லரின் எடையைவிட 90 கிலோ கூடுதலாக அதன் அச்சு சுமந்துகொண்டிருந்தது. அந்த 90 கிலோ டிராக்டரிலிருந்து வந்தது. டிரெய்லர் பின்னால் சாய்ந்து கொக்கியை மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

டிராக்டருக்குப் பிரேக் பின்சக்கரத்தில். கொக்கி இருப்பதோ பின் அச்சுக்கும் பின்னால். அதனால் கொக்கியில் 90 தூக்கினால் பின்சக்கரத்தில் அதைவிட அதிகமாகவே குறையும். நின்ற இடத்தில் இந்தக் கணக்கு. குண்டுங்குழியுமான இறக்கத்தில் துள்ளும்போது எவ்வளவு குறையும் என்று நீங்களே யோசியுங்கள். வழியில் நிறுத்தி எடை போட்டிருந்தால்கூட எடைக்காக ஒரு ரூபாய் அபராதம் விழுந்திருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் விதிப்பது அளவுக்கு மீறிய எடைக்கு. பாரம் அச்சுக்கு முன்னால் அதிகமா (முன்பாரம்), பின்னால் அதிகமா (பின்பாரம்) என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஆனால் எங்கள் அப்பாரு கேட்பார். கவுந்தப்பாடிக்கு வெல்லம் ஏற்றிக்கொண்டு போகிற நாளில், மாடு பூட்டுவதற்கு முன்னால் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். லேசாகத் தூக்க வந்தால் பின்பாரம். வண்டி குடை சாய்ந்து மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். தூக்கவே முடியாவிட்டால் முன்பாரம். காளையின் கழுத்து புண்ணாகிவிடும். ரெண்டு மூட்டையை முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்த பிறகுதான் பூட்டுவார். டிராக்டருக்குக் கழுத்து வலிக்காது என்பதால் அந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிட்டோம்.

அமெரிக்காவில் காரின் பின்னால் சின்ன வீடு மாதிரி டிரெய்லரை மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற கணக்கு, டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் 10 முதல் 15 பங்கு கொக்கியில் உட்கார வேண்டும் என்பது. குறைந்தால் வால் ஆடும். கூடினால் இழுக்கிற வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் கேட்காது. ஒவ்வொரு அச்சும் எவ்வளவு தாங்கும் என்று தகடு ஒட்டித்தான் அங்கே டிரெய்லரை விற்கிறார்கள்.

இங்கே நான் டிரெய்லர் வாங்கப் போனபோது என்னிடம் கேட்டது நீளம், அகலம், பெயிண்ட் நிறம். என்ன ஏற்றுவீர்கள், எந்த டிராக்டரில் மாட்டுவீர்கள் என்று கேட்கவில்லை. அச்சு எத்தனை டன் என்று நான் கேட்டதற்கு, “லாரி அச்சுங்க, 10 டன் போட்டாலும் அசையாது” என்று பதில் வந்தது. அச்சு அசையாமல் இருக்கலாம். அதில் மாட்டியிருக்கிற டயர் எவ்வளவு தாங்கும்? ஸ்பிரிங் பட்டை, ஹப், பேரிங்? எது குறைவாகத் தாங்குமோ அதுதான் அந்த வண்டியின் அளவு. டயரின் பக்கவாட்டிலேயே அது தாங்கும் எடையும் அதற்கு வேண்டிய காற்றும் எழுதியிருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

ஏற்றுகிறவன்தான் பார்த்து ஏற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான், பின்னால் உயர்த்தி அடுக்கியது எங்கள் தப்பு. அதை மறுக்கவில்லை. ஆனால் அச்சைத் தொட்டியின் நட்டநடுவில் வைத்துவிட்டால், சமமாக ஏற்றினால்கூடக் கொக்கிக்கு வருவது கொஞ்சம்தான். கூலிக்கு ஏற்ற வருகிற ஆளுக்கு அச்சு எங்கே இருக்கிறது என்று மேலே நின்றால் தெரியாது. பக்கப் பலகையில் அச்சுக்கு நேர் மேலே ஒரு வெள்ளைக் கோடு போட்டு, “பாதிக்கு மேல் கோட்டுக்கு முன்னால்” என்று எழுதுங்கள். கூடவே, வெறும் வண்டியின் எடை, அச்சும் டயரும் தாங்கும் எடை, கொக்கியில் எவ்வளவு வர வேண்டும் என்று ஒரு தகட்டில் பொறித்து முன்சட்டத்தில் அடித்துவிடுங்கள். விலை கொஞ்சம் ஏறினால் ஏறட்டும், நாங்கள் தருகிறோம். வண்டியைக் கையில் கொடுக்கும் முன் ஒருதரம் பாரம் ஏற்றி எடை மேடையில் நிறுத்திக் காட்டுங்கள்.

என் டிரெய்லரின் அச்சை வேறொரு பட்டறையில் ஒன்றரை அடி பின்னால் தள்ளி வைத்தேன். அதே 54 மூட்டை, அதே அடுக்கு. இப்போது மாட்டிய நிலையில் டிராக்டர் 2,680 காட்டுகிறது. கொக்கியில் 520 கிலோ, நூற்றுக்குப் 11 சொச்சம். கொக்கியில் அந்த டக் டக் சத்தம் இல்லை. சந்தேகம் இருக்கிறவர்கள் தை மாதம் மஞ்சள் ஏற்றும்போது வாருங்கள், எடை மேடைக்கு நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
கோபி பக்கத்து மஞ்சள் விவசாயி