திறந்தவெளியில் நடப்போம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நடைப்பயிற்சி என்றாலே எடைக் குறைப்பைப் பற்றித்தான் பேசுகிறோம். மனதுக்கு அது செய்யும் நன்மையை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். 2015இல் வெளியான, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், சிலரை இயற்கைச் சூழலிலும் சிலரை வாகனங்கள் விரையும் சாலையோரத்திலும் 90 நிமிடம் நடக்க வைத்தார்கள். புல்வெளியில், மரங்களுக்கிடையே நடந்தவர்களிடம் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் போக்கு குறைந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. காலை வெளிச்சம் உடலின் உட்கடிகாரத்தைச் சீராக்கி இரவுத் தூக்கத்துக்கும் உதவுகிறது. அறைக்குள் டிரெட்மில்லில் ஓடினால் இது கிடைக்காது.

தினமும் 10,000 காலடி நடந்தே தீர வேண்டும் என்று மிரள வேண்டாம். அந்த எண் 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் ஒரு நடைமானிக் கருவியின் பெயரால் பரவியது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம்தான். பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் போதும். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கட்டும்.

உங்கள் உடல்நலப் பக்கத்தில் மனநல மருத்துவர்களையும் இதுபற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்