பிரான்சின் 1791 அரசியலமைப்பு ஏன் ஓராண்டுகூடத் தாங்கவில்லை?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் வரலாறு எடுத்திருக்கிறாள் என்ற செய்தி நிறைந்த மகிழ்ச்சி தந்தது. என் வாழ்த்தைச் சொல்.

அமெரிக்க அரசியலமைப்பு நிலைத்தது, புரட்சிக்காலப் பிரான்சின் 1791 அரசியலமைப்பு மட்டும் ஏன் சரிந்தது என்று நீ கேட்டதற்கு வருகிறேன். அமெரிக்க அரசியலமைப்பை எழுதப் பிலடெல்பியாவில் கூடியவர்களும் அதிகாரப் பிரிவினை பற்றி எழுதிய பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூவைப் படித்தவர்கள், பிரான்சின் தேசிய சபையில் உட்கார்ந்தவர்களும் படித்தவர்கள். அவர்கள் எழுதியது இன்றும் நடப்பில் இருக்கிறது. இவர்கள் எழுதியது பதினோரு மாதத்தில் சரிந்தது. பொது விருப்பமே சட்டம் என்ற சிந்தனையாளர் ரூசோவின் கருத்துகள் மூட்டிய ஆவேசம்தான் காரணம் என்கிறாய். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆவேசம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1791 அரசியலமைப்பைப் பிரிவு பிரிவாக வாசித்துப் பார். மன்னரும் சட்டமன்றமும் முட்டிக்கொண்டால் சிக்கலைத் தீர்க்க அதில் ஒரு வழியும் இல்லை.

1748-இல் மாண்டெஸ்கியூ சொன்னதில் இரண்டு பாதி உண்டு. சட்டம் இயற்றுவது, நிறைவேற்றுவது, நீதி வழங்குவது மூன்றும் ஒரே கையில் சேரக்கூடாது என்பது ஒரு பாதி. ஓர் அதிகாரம் இன்னோர் அதிகாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பது மறுபாதி. தடுக்க வேண்டுமானால் அடுத்தவர் வேலையில் கொஞ்சம் கைவைத்துத்தான் ஆக வேண்டும். இதை, அமெரிக்க அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான மேடிசன் சரியாகப் பிடித்துக்கொண்டார். 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பின்படி குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவை ஞாயிறு நீங்கலாகப் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால் அது சட்டம். மோதல் எதுவானாலும் சில வாரங்களில் முடிவு தெரிந்துவிடும்.

பிரான்சில் முதல் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1789 ஆகஸ்ட் 26-இல் முடித்த மனித உரிமைப் பிரகடனத்தின் 16-ஆம் பிரிவு, உரிமைகளுக்கு உறுதியும் அதிகாரப் பிரிவினையும் இல்லாத சமூகத்துக்கு அரசியலமைப்பே இல்லை என்கிறது. அரசியலில் இவ்வளவு துணிச்சலான வரி அதிகம் கிடையாது. அடுத்த சில வாரங்களில் நடந்த வாக்கெடுப்புகளைத்தான் நீ கவனிக்க வேண்டும். செப்டம்பர் 10-இல் இரண்டாவது அவை வேண்டாம் என்று 849-க்கு 89 என்ற கணக்கில் தள்ளினார்கள். மேலவை வந்தால் பிரபுக்கள் அங்கே குடியேறிவிடுவார்கள் என்ற பயம். ஆகஸ்ட் 4 இரவில்தான் அவர்களின் சலுகைகளைப் பறித்திருந்தார்கள், ஆகவே அது நியாயமான பயம். மறுநாள் மன்னருக்கு, சட்டத்தை அடியோடு தடுக்கும் முழு வீட்டோ வேண்டுமா, சில காலம் மட்டும் தள்ளிப்போடும் ஒத்திவைக்கும் வீட்டோ போதுமா என்ற கேள்வி. 673-க்கு 325 என்று ஒத்திவைக்கும் வீட்டோ வென்றது. நவம்பர் 7-இல், சபை உறுப்பினர் யாரும் அமைச்சராகக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அமைச்சராக விரும்பிய, சபையின் பெயர்பெற்ற பேச்சாளர் மிராபோவைத் தடுக்கப் போட்ட தடை அது. ஆனால் இங்கிலாந்தில் அமைச்சர் அவைக்குள் உட்கார்ந்து பதில் சொல்லி, ஆதரவு போனால் பதவியும் போகும் என்றிருந்த வழியை அது பிரான்சில் அடைத்துவிட்டது.

இவை எல்லாம் சேர்ந்து 1791 செப்டம்பரில் என்ன ஆயிற்று என்று பார். 745 பேர் கொண்ட ஒரே அவை, இரண்டாண்டுக் காலம். மன்னர் அதைக் கலைக்க முடியாது. அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் மன்னர் மட்டுமே. குற்றம் செய்தால் வழக்குத் தொடரலாமே தவிர, நம்பிக்கை இல்லை என்பதற்காகச் சட்டமன்றம் அவர்களை வெளியேற்ற முடியாது. மன்னர் வீட்டோ போட்ட தீர்மானத்தை, அடுத்து வரும் இரண்டு சட்டமன்றங்களும் அதே சொற்களில் நிறைவேற்றினால்தான் அது சட்டம். அதாவது 1791-இல் தடுத்ததற்கு 1795 வரை காத்திருக்க வேண்டும். சரி, விதியையே திருத்தலாமா? முதல் இரண்டு சட்டமன்றங்கள் திருத்தம் பற்றிப் பேசவே கூடாது. அடுத்த மூன்று வரிசையாகக் கேட்க வேண்டும். பிறகு 249 பேரைக் கூடுதலாகச் சேர்த்த நான்காவது அவை திருத்தும். கணக்குப் போட்டால் 1801. போதாக்குறைக்கு, எழுதியவர்கள் யாரும் புதிய அவைக்குப் போட்டியிடக் கூடாது என்று சபை உறுப்பினர் ரோபஸ்பியர் கொண்டுவந்த தீர்மானம் வேறு. நடத்த வந்தவர்கள் எல்லாம் புதியவர்கள்.

நவம்பரில் வெளிநாடு ஓடிய பிரபுக்கள் பற்றிய தீர்மானத்துக்கு வீட்டோ. டிசம்பரில், அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்த பாதிரிமார் பற்றியதற்கு வீட்டோ. 1792 ஏப்ரல் 20-இல் ஆஸ்திரியா மீது போர். ஜூனில் பாரிஸ் அருகே 20,000 வீரர்களை நிறுத்தும் தீர்மானத்துக்கும் வீட்டோ. போரை ஆதரித்த ஜிரோண்டின் குழுவின் அமைச்சர்களையும் மன்னர் நீக்கினார். எல்லையில் எதிரிப்படை நிற்கும்போது யார் 1795 வரை காத்திருப்பார்கள்? ஜூன் 20-இல் கூட்டம் துய்லரி அரண்மனைக்குள் புகுந்தது; மன்னர் புரட்சியின் சின்னமான சிவப்புத் தொப்பியை அணிந்தார், வீட்டோவை மட்டும் விலக்கவில்லை. ஆகஸ்ட் 10-இல் ஆயுதத்தோடு வந்தார்கள், முடியாட்சி விழுந்தது.

1791 ஜூனிலேயே வரென் என்ற ஊர் வரை தப்பி ஓடிப் பிடிபட்ட மன்னரை யார் நம்புவார்கள் என்று நீ கேட்பாய். கேள்வி சரிதான். ஆனால் நம்பத்தகாத ஒருவரைச் சமாளிப்பதற்குத்தானே அதிகாரத்தைப் பிரிப்பதே?

இன்னொன்று. சட்டம் பொது விருப்பத்தின் வெளிப்பாடு, அதில் பங்கேற்க எல்லாக் குடிமக்களுக்கும் உரிமை உண்டு என்று பிரகடனத்தின் 6-ஆம் பிரிவில் எழுதிய அதே கைகள், மூன்று நாள் கூலிக்குச் சமமான வரி கட்டும், 25 வயது நிரம்பிய ஆண்களுக்கே வாக்கு என்றும் எழுதின. சுமார் 43 லட்சம் பேர் உள்ளே. ஏழைகள், வீட்டு வேலைக்காரர்கள், பெண்கள் அனைவரும் வெளியே. வெளியே நிறுத்தப்பட்ட ஆண்களைப் பாரிசின் சில வட்டாரக் கூட்டங்கள் 1792 ஜூலை இறுதியிலேயே உள்ளே சேர்த்துக்கொண்டன. அரண்மனை விழுந்த மறுநாளே அந்த வரி நிபந்தனையைச் சட்டமன்றம் நீக்கியது. பெண்களுக்கு அப்போதும் இல்லை. 17 பிரிவுகளில் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் 1793 நவம்பரில் கில்லட்டினுக்குப் போனார்.

1795-இல் மறுபடி எழுதியபோது இரண்டு அவை வைத்தார்கள்: 500 பேர் ஒன்று, 250 முதியோர் ஒன்று. ஐந்து இயக்குநர்கள் நிர்வாகம் பார்த்தார்கள். அவர்களுக்கு வீட்டோவும் இல்லை, அவையைக் கலைக்கும் உரிமையும் இல்லை. தேர்தல் முடிவு பிடிக்காமல் 1797-இல் படையைக் கொண்டுவந்து உறுப்பினர்களை நீக்கினார்கள், 1798-இல் மறுபடி ஒரு கூட்டத்தை நீக்கினார்கள். 1799 நவம்பரில் நெப்போலியன் வந்து இரு அவைகளையுமே முடித்துவைத்தார். இதற்கும் ரூசோதான் காரணமா? எழுது.

அன்புடன்,
முத்துக்குமார்