முதல் மூன்று நாள் எங்களை வாய்மூடச் சொல்லாதீர்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களே,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், உங்களில் ஒருவருடைய படத்துக்கு விளம்பர வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். காலைக் காட்சி பார்த்துவிட்டு மதியம் நான் எழுதிய விமர்சனத்தைத் திங்கட்கிழமை வரைக்கும் எடுத்து வைக்க வேண்டும் என்றார். அந்தப் படத்தை நான் திட்டவில்லை. கதை பழசு, ஆனால் அப்பாவாக நடித்தவர் புதுசாகச் செய்திருக்கிறார். இடைவேளைக்குப் பிறகு அரை மணி நேரம் இழுக்கிறது, கடைசிப் பகுதி அதை ஈடுகட்டிவிடுகிறது. குடும்பத்தோடு ஒரு தடவை தாராளமாகப் போய்வரலாம் என்றுதான் எழுதியிருந்தேன். "போய்வரலாம்னு போட்டது சரிங்ணா. இழுக்குதுன்னு எதுக்குப் போட்டீங்க? ஒரு மூணு நாள் பொறுத்திருக்கலாமில்ல?" என்றார். தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு அது வேலை. ஆனால் அந்த 'மூணு நாள்' உங்களிடமிருந்து அவருக்கு வந்தது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

பழைய கதையெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடக்கூடாது என்று 2024 நவம்பரில் உங்கள் தரப்பிலிருந்து அறிக்கை வந்தது. முதல் மூன்று நாள் விமர்சனத்துக்கே தடை வேண்டும் என்று டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், இடைக்காலத் தடை கிடைக்காமல் திரும்பினீர்கள். 2025இல் நடிகர் விஷாலும் மேடையேறி, முதல் மூன்று நாள் தியேட்டர் வளாகத்தில் விமர்சனம் எடுக்க விடாதீர்கள் என்று கேட்டார். நீதிமன்றத்தில் கிடைக்காததை இப்போது போன் போட்டுக் கேட்கிறீர்கள்.

அந்த மூன்று நாள் எவை என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. எங்கள் ஊரில் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவரும் செக்கிங்கில் நிற்கிற அக்காவும் துணியைக் கைமடித்துக் கொடுக்கிற பிள்ளையும் படத்துக்குப் போவதென்றால் அந்த ஒரு நாள்தான். அந்த ஞாயிறு வருவதற்குள் அவர்கள் யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதுதான் உங்கள் கோரிக்கைக்கு அர்த்தம்.

என் தெருவில் ஓவர்லாக் தைக்கிற ஒரு தங்கச்சி இருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி சம்பளக் கவரோடு வீட்டுக்குப் போகிற வழியில் என் வாசலில் நின்று கேட்பார். "ஏனுங்ணா, அந்தப் படத்துக்குப் போலாமுங்களா? சின்னவன் உக்காந்து பாப்பானுங்களா? வெட்டுக்குத்து நெறைய இருக்குதுங்களா? எத்தன மணிக்கு உடுவாங்க?" அவர் கேட்பது இவ்வளவுதான். படம் உலகத் தரமா, எத்தனை கோடி வசூல் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். மல்டிபிளெக்ஸில் ஒரு டிக்கெட் 190 ரூபாய் என்றால் நாலு பேருக்கு 760. வண்டி நிறுத்தக் காசு தனி, இடைவேளையில் பிள்ளைகள் கை நீட்டுகிற பாப்கார்ன் தனி. மூன்று மணி நேரப் படமென்றால் முதலாட்டம் முடிந்து அனுப்பர்பாளையம் பக்கம் போகிற கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்பது தனிக் கவலை. ஒரு வாரம் முழுக்கக் குனிந்து தைத்த காசு அது. 'அரை மணி நேரம் இழுக்கிறது, ஆனாலும் போய்வரலாம்' என்று நான் எழுதுவது அந்தத் தங்கச்சிக்கு. அந்த வரியைத் திங்கட்கிழமை எழுதினால் அவருக்கு என்ன பிரயோஜனம்?

விமர்சனத்தால் படம் செத்துவிடுகிறது என்கிறீர்கள். 2024இல் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். இந்தியன் 2 நீளம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், ஒரு வாரத்துக்குள் 12 நிமிடம் குறைத்தீர்கள். கங்குவாவில் சத்தம் காதைப் பிளக்கிறது என்றார்கள், ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். பிறகு அதிலும் 12 நிமிடம் போனது. மெய்யழகனில் 18 நிமிடம் போனது. முதல் நாளே பார்த்துச் சொன்னவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கத்தரியை எப்போது எடுத்திருப்பீர்கள்? மெய்யழகனைப் பொறுத்தவரை வெட்டியதில் எனக்குச் சம்மதமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி முழுக்க இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்கிற படம் அது. சில இடத்தில் பேச்சு நீளத்தான் செய்கிறது, ஆனால் அந்த நீளத்தில்தான் அரவிந்த்சாமியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது. குறை சொல்லிக்கொண்டே ஒரு படத்தை நேசிக்க முடியும்.

கங்குவா வந்த அதே வாரக் கடைசியில் ஜோதிகா எழுதியதையும் நினைத்துப் பாருங்கள். முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை, சத்தம் உறுத்துகிறது, மற்றபடி இது பெரிய திரை அனுபவம் என்றார். நாயகனின் மனைவி கணவர் படத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொன்ன அபிப்பிராயம் அது. நான் அந்தத் தம்பியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட விமர்சனமும் அதே ரகம்தான். அதற்கு மட்டும் மூன்று நாள் காவலா?

சின்னப் படங்களுக்கு இந்த மௌனம் செய்கிற கெடுதல்தான் எனக்கு ரொம்ப உறைக்கிறது. பெரிய நட்சத்திரத்தின் படத்துக்கு யார் என்ன சொன்னாலும் முதல் மூன்று நாள் கூட்டம் வந்துவிடும். பேர் தெரியாத பையன்கள் எடுத்த படத்துக்கு வெள்ளிக்கிழமை ஒரே ஒரு காட்சி கொடுப்பார்கள், அதுவும் ஆள் வர முடியாத மதிய நேரத்தில். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாலு பேர் 'பரவால்லீங்க, நல்லாத்தான் இருக்குது' என்று சொன்னால்தான் அந்தக் காட்சி தங்கும். திங்கட்கிழமை நான் எழுதி முடிக்கிற நேரத்தில் அந்த போஸ்டர் மேல் வேறு போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். உங்கள் சங்கங்களில் அந்தப் பையன்களை நம்பிப் பணம் போட்டவர்களும் உறுப்பினர்கள்தானே? அவர்களைக் கேட்டுவிட்டா இந்த மூன்று நாளை முடிவு செய்தீர்கள்?

இன்னொன்று. படம் வந்த அன்று மதியமே கேக் வெட்டி, மாலை போட்டு, மாபெரும் வெற்றி என்று போஸ்டர் அடிக்கிறீர்கள். உங்கள் அபிப்பிராயத்துக்கு மூன்று நாள் பொறுமை கிடையாது. காசு கொடுத்துப் பார்த்தவர் மட்டும் பொறுக்க வேண்டும். தியேட்டரில் தின்பண்ட விலை, படத்துக்கு முன்னால் ஓடும் விளம்பரம், நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடும் படம், இதில் எதைப் பற்றியும் பார்வையாளரைக் கலந்துகொண்டு யாரும் முடிவெடுப்பதில்லை. கூட்டம் வரவில்லை என்றால் மட்டும் பழி விமர்சனத்தின் தலையில். இந்தக் கோபம் எனக்கு நாளாகவே இருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் மறுக்கவில்லை. படம் வருவதற்கு முன்பே வன்மம் கக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நடிகையின் உடம்பைப் பேசுகிறவர்கள், காசு வாங்கிக்கொண்டு ஒரு படத்தைத் தூக்கி இன்னொன்றை மிதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் புகார் கொடுங்கள், வழக்குப் போடுங்கள். அவர்களையும் என்னையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் 1914இல் வெரைட்டி ஹால் தியேட்டரைத் தொடங்கிய காலத்திலிருந்து படம் பார்க்கிற சீமை இது. 1954இல் வெளியாகி, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய மலைக்கள்ளன் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் உருவான படம். பொள்ளாச்சியிலும் கோபியிலும் உங்கள் படப்பிடிப்புக்குத் தோட்டத்தையும் வீட்டையும் திறந்துவிட்ட மக்கள் நாங்கள். படத்தைக் கெடுக்க வேண்டும் என்று எங்களுக்கு என்ன வேண்டுதலா?

உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதல் மூன்று நாள் விமர்சனம் கூடாது என்ற கோரிக்கையைக் கைவிடுங்கள். அதைக் கைவிட்டோம் என்று உங்கள் சங்கங்களின் பெயரில் தியேட்டர்களுக்கும் விளம்பரக் குழுக்களுக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். போன வெள்ளிக்கிழமை எழுதிய விமர்சனத்தை நான் எடுக்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமையும் காலைக் காட்சி பார்த்துவிட்டு, தேறியதைத் தேறியது என்றும் தேறாததைத் தேறாதது என்றும் மதியமே எழுதுவேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து
ஒரு திரை விமர்சகன்