மறு ஆட்டத்தைத் திருப்பித் தாருங்கள்: இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இங்கிலாந்தின் பெரிய, சிறிய பிரிவுக் கழகங்கள் எல்லாம் கலந்துகொள்ளும் எஃப்.ஏ. கோப்பைப் போட்டிகள், 2024-25ஆம் பருவத்தில், 2025 மே 17 அன்று வெம்பிளி அரங்கில் நிறைவு பெற்றன. கிரிஸ்டல் பேலஸ் கழகம் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாக ஒரு பெருங்கோப்பையைக் கையில் ஏந்தியது. எபெரெச்சி எஸெ அடித்த கோலையும், டீன் ஹெண்டர்சன் தடுத்த பெனால்டியையும் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த மகிழ்ச்சியைச் சான்றாகக் காட்டி, அப்பருவத்தில் நீங்கள் கொண்டுவந்த மாற்றம் வெற்றியடைந்துவிட்டது என்று உங்கள் ஆண்டறிக்கையில் எழுதிவிடக் கூடாதே என்ற கவலைதான் இம்மடலை எழுதவைக்கிறது.

என் கோரிக்கை ஒன்றே. முதல் சுற்றிலிருந்து நீங்கள் ஒழித்துவிட்ட மறு ஆட்டங்களை, அதாவது சமனில் முடிந்த ஆட்டத்தை இன்னொரு நாள் எதிரணியின் மைதானத்தில் மீண்டும் ஆடும் முறையை, மீண்டும் கொண்டுவர வேண்டும். எல்லாச் சுற்றுகளிலும் இயலாது என்றால், குறைந்தபட்சம் மூன்றாம், நான்காம் சுற்றுகளில் கீழ்ப்பிரிவுக் கழகம் ஒன்று உச்சப் பிரிவான பிரீமியர் லீக்கின் கழகத்தோடு தொண்ணூறு நிமிடம் ஆடிச் சமநிலையில் நிற்கும்போதாவது, அந்தக் கழகத்துக்கு மறு ஆட்டத்தை வழங்க வேண்டும்.

2024 ஏப்ரலில் வெளியான அறிவிப்பின் பின்னணியை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிரீமியர் லீக்குடன் ஆறாண்டு உடன்பாடு செய்துகொண்டீர்கள். கோப்பைக்கு வார இறுதி நாள்கள் உறுதியாயின. விலையாக மறு ஆட்டங்கள் போயின. எங்களைக் கேட்கவே இல்லை என்று கீழ்ப்பிரிவுக் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறிக்கை விட்டன. உரிய குழுக்களில் அவர்களுடைய பிரதிநிதிகளும் இருந்தார்கள் என்று நீங்கள் பதில் சொன்னீர்கள். பிரதிநிதி நாற்காலியில் இருந்தார் என்பதும் கழகங்களின் கருத்து கேட்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல என்பதை நிர்வாகம் அறிந்த உங்களுக்கு விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அந்த உடன்பாட்டின் விலை என்ன என்பதை 2025 ஜனவரி 12 அன்று, ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், டாம்வொர்த் நகரம் கண்டது. அப்போது ஐந்தாம் நிலைப் பிரிவில் ஆடிய டாம்வொர்த் கழகம், மூன்றாம் சுற்றில் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பரைத் தன் லாம்ப் மைதானத்தில் எதிர்கொண்டது. கோல்வலையில் ஓட்டை இருந்ததால் ஆட்டமே சில நிமிடம் தாமதமாகத்தான் தொடங்கியது. செயற்கைப் புல்தரை, கைக்கெட்டும் தொலைவில் பார்வையாளர்கள், கோல்முகத்துக்கே வந்து விழும் டாம் டாங்ஸின் நெடிய த்ரோ-இன்கள். கோல்காப்பாளர் ஜஸ் சிங் வாரநாள்களில் கட்டட ஆய்வாளராக வேலை பார்ப்பவர். வேறு வேலை பார்த்துக்கொண்டே பந்தாடும் இத்தகைய ஆட்டக்காரர்கள், உலகின் பணக்காரக் கழகங்களுள் ஒன்றைத் தொண்ணூறு நிமிடமும் கோலின்றி நிறுத்தினார்கள். நடுவரின் விசில் ஒலித்தபோது பலகையில் 0-0.

2024 வரை நடைமுறையில் இருந்த விதியின்படி, அந்த விசிலோடு டாம்வொர்த்துக்கு லண்டன் பயணம் உறுதியாகியிருக்கும். 62,850 இருக்கைகள் கொண்ட டாட்டன்ஹாம் அரங்கில் மறு ஆட்டம் நடந்திருக்கும். செலவு போக மிஞ்சும் நுழைவுக் கட்டணத்தை இரு கழகங்களும் பகிர்ந்துகொள்வது இக்கோப்பையின் நெடுநாள் மரபு. தொலைக்காட்சி ஒளிபரப்பானால் அதற்கான தொகை தனி. சுமார் 4,000 பேர் மட்டுமே கூடக்கூடிய மைதானத்தை வைத்திருக்கும் கழகத்துக்கு அப்படி ஓர் இரவின் வருமானம் எத்தனை ஆண்டுச் செலவைத் தாங்கும் என்பதை உங்கள் நிதிப்பிரிவு என்னைவிடத் துல்லியமாகக் கணக்கிடும். அந்த ஆட்டத்தில் டாம்வொர்த் 8-0 என்று தோற்றிருந்தாலும் அந்த வருமானம் குறைந்திருக்காது. அவர்கள் தொண்ணூறு நிமிடம் ஓடிச் சம்பாதித்த உரிமை அது. பந்தியில் உட்காரவைத்துவிட்டு, பரிமாறும் நேரத்தில் இலையை உருவிக்கொண்டதைப் போல அந்த உரிமை பறிபோனது.

அதற்குப் பதிலாக நடந்தது கூடுதல் நேரம். பெஞ்சில் இருந்த சன் ஹியுங்-மின்னையும் குலுசெவ்ஸ்கியையும் டாட்டன்ஹாம் களமிறக்கியது. கால்கள் கனத்துப்போன டாம்வொர்த் ஆட்டக்காரர்கள் முதலில் தம் கோலுக்குள் தாமே பந்தைத் தட்டிவிட்டார்கள், பிறகு குலுசெவ்ஸ்கி, பிரென்னன் ஜான்சன், முடிவில் 3-0. விதிப்படி எல்லாம் சரி. யாருடைய பெஞ்சு நீளமோ அவருக்கே சாதகமாக எழுதப்பட்ட விதி என்பதுதான் குறை. தொண்ணூறு நிமிடத்துக்குப் பிறகு ஒருநாள் ஓய்வுகூட இல்லாமல் மேலும் முப்பது நிமிடம் ஓடு என்பது, முழுநேர ஆட்டக்காரனுக்கும் மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவனுக்கும் ஒரே சுமை அன்று.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. இதே டாம்வொர்த், இரண்டாம் சுற்றில் தன்னைவிட இரண்டு படி மேலே இருந்த பர்ட்டன் ஆல்பியனைப் பெனால்டி முறையில்தான் வென்றது. பழைய விதி இருந்திருந்தால் அவர்கள் மறு ஆட்டம் ஆடித் தோற்றிருக்கவும் கூடும். இந்த வாதத்தை நீங்கள் முன்வைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். சிறு கழகத்துக்கும் சிறு கழகத்துக்கும் நடக்கும் பந்தயத்தில் உடனடி முடிவு யாருக்கு உதவும் என்பது வாதத்துக்குரியதே. ஆகவேதான் என் கோரிக்கையைப் பிரீமியர் லீக் கழகங்களோடு மோதும் ஆட்டங்களுக்கு மட்டும் சுருக்கிக்கொள்ளவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

நான்காம் சுற்றில் எக்சிட்டர் சிட்டிக்கும் இதே கதிதான். பிப்ரவரி 11 அன்று, அப்போது பிரீமியர் லீக் பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை அவர்கள் 2-2 என்று நிறுத்தினார்கள். ஜோஷ் மெகனிஸ் இரண்டு கோல்களையும் அடித்தார். கூடுதல் நேரத்திலும் தோற்காமல் நின்று, பெனால்டியில் 4-2 என்று வெளியேறினார்கள். இக்கழகத்தின் கதை உங்களுக்குத் தெரியாததா? 2003இல் கடனில் மூழ்கிக் கிடந்ததை அதன் ரசிகர்களே அறக்கட்டளை வைத்து எடுத்து நடத்தினார்கள்; இன்றும் அவர்களே உரிமையாளர்கள். 2005 ஜனவரியில், முதல் நான்கு பிரிவுகளுக்கும் வெளியே இருந்த அந்தக் கழகம், ஓல்ட் டிராஃபோர்டில் 67,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0 என்று நிறுத்தியது. எக்சிட்டரில் நடந்த மறு ஆட்டத்தில் ரொனால்டோவும் ரூனியும் கோலடித்து வென்றார்கள். ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களின் வருமானம்தான் கடன்காரர்களுக்கு வழி சொல்லியது. சரியாக இருபது ஆண்டு கழித்து அதே கழகம் அதே போன்றதொரு சாதனையைச் செய்தபோது, இரண்டாம் ஆட்டம் என்ற ஒன்றே இல்லை.

நாட்காட்டியில் இடமில்லை என்பது உங்கள் விளக்கம். ஐரோப்பியப் போட்டிகள் விரிவடைந்துவிட்டன என்பது உண்மை. சாம்பியன்ஸ் லீக்கின் தொடக்கக் கட்டத்தில் ஆறு ஆட்டங்கள் எட்டாகி, டிசம்பரில் முடிந்துகொண்டிருந்தது ஜனவரிக்கு நீண்டுவிட்டது. ஆட்டக்காரர்களின் உடல்நலத்தை நான் இலேசாக எண்ணவில்லை. எனினும், உங்கள் அறிவிப்பு வெளிவந்த அடுத்த மாதம், 2024 மே 19 அன்று லீக் முடிந்த மூன்றாம் நாளே, டாட்டன்ஹாமும் நியூகாசிலும் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஒரு நட்பு ஆட்டம் ஆடின. உலகின் மறுகோடிக்குப் பறந்து சென்று, எந்தக் கோப்பைக்கும் சம்பந்தமில்லாத ஓர் ஆட்டத்தை ஆடுவதற்குக் கால்களில் வலு இருந்தது. அதே கோடையில் ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் சென்றுவரவும் டாட்டன்ஹாமுக்கு வலு இருந்தது. சொந்த அரங்கில், சொந்தக் கட்டிலில் உறங்கி எழுந்து, டாம்வொர்த்தோடு ஒரு புதன்கிழமை ஆடுவதற்கு மட்டும்தான் களைப்பு குறுக்கிடுகிறது. மருத்துவ நூல்களில் இந்த நோய்க்கு இன்னும் பெயர் வைக்கவில்லை போலும்.

அதுவும் போகட்டும். முதன்மை அணிதான் வர வேண்டும் என்று கீழ்ப்பிரிவுக் கழகங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. 2020 பிப்ரவரி 4 அன்று ஷ்ரூஸ்பரி டவுனுக்கு எதிரான நான்காம் சுற்று மறு ஆட்டத்துக்கு லிவர்பூல் தன் இளையோர் அணியை அனுப்பியது. மேலாளர் யூர்கன் கிளாப் மைதானத்துக்கே வரவில்லை. நீல் கிரிச்லி அணியை நடத்தினார். ஆன்ஃபீல்டில் 52,399 பேர் கூடினார்கள். லிவர்பூல் 1-0 என்று வென்றது, ஷ்ரூஸ்பரி தன் பங்கைப் பெற்றது, மூத்த ஆட்டக்காரர்கள் விடுமுறையைக் கழித்தார்கள். யாருக்கு என்ன நட்டம்? வழி இருக்கிறது, 2020இலேயே நடந்தும் காட்டியிருக்கிறது. ஆகவே மீண்டும் கேட்கிறேன்: மறு ஆட்டத்தைத் திருப்பித் தாருங்கள்.

இன்னொரு முரணையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். முதல் சுற்றுக்கு முந்தைய தகுதிச் சுற்றுகளில் 2024-25 பருவத்திலும் மறு ஆட்டம் நடந்தது. சில நூறு பேர் கூடும் மைதானங்களில், பேருந்து வாடகைக்கே வருமானம் போதாத நிலையில், சமன் செய்தால் மீண்டும் ஆடுங்கள் என்றீர்கள். அவர்களுக்குக் களைப்பு வரவில்லை. பணம் வரத் தொடங்கும் படியை அடைந்ததும் மறு ஆட்டம் சுமையாகிவிட்டது. 2025-26 முதல் நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் உள்நாட்டு ஒளிபரப்பு உரிமைக்காக 670 கோடி பவுண்டு பெறும் ஒரு லீக்கின் வசதிக்காக, நுழைவுக் கட்டணத்தை எண்ணிப் பார்த்து வாழும் கழகங்களின் ஒரே எதிர்பாராத வருவாய் வெட்டப்பட்டிருக்கிறது.

கேட்க வேண்டியவை வேறு பலவும் உண்டு. அதே பருவத்தின் நான்காம் சுற்றில், ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஹாரி மகுவைர் தெளிவான ஆஃப்சைடில் நின்று அடித்த கடைசி நிமிட கோல் லெஸ்டரை வெளியேற்றியதை, வீடியோ நடுவர் முறை ஐந்தாம் சுற்றிலிருந்துதான் என்ற உங்கள் ஏற்பாட்டால், நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அரையிறுதிகள் அனைத்தையும் 2008 முதல் வெம்பிளியிலேயே நடத்தி, வடக்கிலிருந்து வரும் ரசிகர்களை ஒரே பருவத்தில் இருமுறை லண்டனுக்கு அலையவிடுவதும், கடைசி ரயில் போன பிறகு ஆட்டம் முடியுமாறு நேரம் குறிப்பதும், தொலைக்காட்சிக்கு வேண்டிய கூட்டம் தானாக வந்து அமர்ந்துவிடும் என்று நம்புவதும்... சரி, இவற்றை இம்மடலில் இழுப்பது முறையன்று. பொறுத்தருள்க.

ஆண்டுதோறும் மூன்றாம் சுற்று நெருங்கும்போது தொலைக்காட்சிகளில் தவறாமல் வரும் ஒரு காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். 1972 பிப்ரவரி 5, ஹெரிஃபர்ட் நகரின் எட்கர் ஸ்ட்ரீட் மைதானம், சேறு, ரானி ராட்ஃபர்ட் தொலைவிலிருந்து உதைத்த பந்து, களத்துக்குள் பாய்ந்தோடிய சிறுவர்கள். பிறகு கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் அடித்த வெற்றிக் கோல். முதல் நான்கு பிரிவுகளுக்கும் வெளியே, தெற்கு லீக்கில் ஆடிய ஹெரிஃபர்ட், அன்றைய உச்சப் பிரிவான முதல் பிரிவில் இருந்த நியூகாசிலை 2-1 என்று வீழ்த்தியது. கோப்பையின் மாயம் என்று நீங்கள் விளம்பரம் செய்வது இதைத்தான். அது ஒரு மறு ஆட்டம். நியூகாசிலில் நடந்த முதல் ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்திருந்தது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால், அந்த வெற்றி தோல்வி நியூகாசில் மைதானத்தின் கூடுதல் நேரத்தில் அன்றே தீர்ந்திருக்கும். ராட்ஃபர்டின் கோலும் இல்லை, உங்கள் விளம்பரமும் இல்லை. மறு ஆட்டங்களை ஒழித்த சங்கம் அந்தக் காட்சியை இனியும் பயன்படுத்துவதாக இருந்தால், கீழே சிறிய எழுத்தில், இத்தகைய ஆட்டங்கள் இப்போது நடைபெறுவதில்லை என்ற அறிவிப்பையாவது சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பழமை என்பதற்காக எல்லாவற்றையும் கட்டிக் காக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அதே 1971-72 பருவத்தில், தகுதிச் சுற்றில் ஆல்வ்சர்ச்சும் ஆக்ஸ்ஃபர்ட் சிட்டியும் ஆறு ஆட்டங்கள், பதினொரு மணி நேரம், ஆடித்தான் முடிவு கண்டன. அது திரும்ப வர வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. 1991-92இல் ஒரே ஒரு மறு ஆட்டம், அதன் பிறகு பெனால்டி என்று வரையறுத்தீர்கள், ஏற்றுக்கொண்டோம். அரையிறுதியில் எடுத்தீர்கள், காலிறுதியில் எடுத்தீர்கள், 2018-19இல் ஐந்தாம் சுற்றிலும் எடுத்தீர்கள். அங்கெல்லாம் பெரும்பாலும் பெரிய கழகங்களே மிஞ்சியிருக்கும் என்பதால் முணுமுணுப்போடு நின்றுவிட்டோம். இம்முறை எடுத்திருப்பது சிறியவர்களின் பங்கை.

எனவே பின்வருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மூன்றாம், நான்காம் சுற்றுகளில் பிரீமியர் லீக் கழகத்தோடு சமன் செய்யும் கீழ்ப்பிரிவுக் கழகத்துக்கு ஒரு மறு ஆட்டம் தரப்பட வேண்டும். ஆட்ட நாளைப் பெரிய கழகமே தேர்ந்துகொள்ளட்டும். எந்த அணியை அனுப்புவது என்பதும் அவர்கள் விருப்பம். மறு ஆட்டமும் சமனானால் அன்றே பெனால்டியில் முடித்துக்கொள்ளட்டும். இம்முன்மொழிவைத் தங்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, இம்முறை கீழ்ப்பிரிவுக் கழகங்களிடம் நேரடியாகக் கருத்துக் கேட்டு, முடிவு எதுவாயினும் அதற்கான காரணத்தை எழுத்து மூலம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நாட்காட்டியில் இடமில்லை என்ற பதிலே மீண்டும் வருமானால், அதோடு பிரீமியர் லீக் கழகங்களின் கோடைச் சுற்றுப்பயண அட்டவணையையும் இணைத்து அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழ்ப்பிரிவுக் கழகமொன்றின் நெடுநாள் பார்வையாளன்